வழுக்கி விழுந்த கதை

நாகலெட்சுமிக்குப் பொய் சொல்ல வராது. சில பேருக்குப் பாட்டு வராது, சில பேருக்கு நீச்சல் வராது, அவளுக்குப் பொய் வராது. லிந்துலைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் இது தெரிந்த சங்கதி. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஏன் பிந்தி வந்தாய் என்று கங்காணி கேட்டால், பிள்ளைக்குக் காய்ச்சல், வாசலில் பாம்பு என்று மற்றப் பெண்கள் ஆளுக்கொன்றாக அவிழ்த்துவிடுவார்கள். இவள் மட்டும் "தூங்கிட்டேங்க" என்பாள். நாற்பத்தாறு வயது வரைக்கும் இப்படியே காலத்தை ஓட்டிவிட்டாள். அப்புறம் ஒரே ஒரு பொய் சொன்னாள். அதையும் போயும் போயும் ஒரு டாக்டரிடம் சொன்னாள்.

அவளைப் பற்றிச் சொல்வதென்றால் கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பதினெட்டு வயதில் பெயர் பதிந்து மலைக்குப் போனவள், இருபத்தெட்டு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். பறிக்கும்போது செடியைப் பார்க்கிற வழக்கமே கிடையாது. பக்கத்து நிரையில் நிற்கும் ஜெயலெட்சுமியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பாள். கைகள் இரண்டும் தம் பாட்டில் செடிமேல் ஓடும். பெருவிரலும் சுட்டுவிரலும் தொட்ட மாத்திரத்தில் எது இளசு, எது முற்றல் என்று கண்டுகொண்டு இளசை மட்டும் கிள்ளும். புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் கங்காணி கணேசமூர்த்தி, "வியாக்கியானம் எல்லாம் வேணாம், நாகுவோட பையப் போய்ப் பாத்துட்டு வாங்க" என்பார். மூன்று வருடத்துக்கு முன் கம்பனி வைத்த கொழுந்து பறிக்கும் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினாள். ஒரு ரைஸ் குக்கர். முதல் பரிசு வாங்கியவளின் பையில் முற்றல் கிடந்ததாக இன்றைக்கும் சொல்லுவாள். அது பொய்யில்லை, பொறாமை.

வீட்டில் புருசன் மாயாண்டி. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை. மகள் சுதர்ஷினி நோட்டன் பிரிட்ஜில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பெற்றது ஒன்று, வளர்த்தது இரண்டு. இரண்டாவது கோகுலராஜ், அக்காள் மகன். அவனுக்கு நாலு வயதாயிருக்கும்போது அக்காள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வருவாள், போவாள். போகும்போதெல்லாம் தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனப் பாத்துக்கடி" என்பாள், வேறு பேச்சே வராது. நாகலெட்சுமியும் பார்த்துக்கொண்டாள். இப்போது அவனுக்கு இருபத்தாறு வயது, சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறான். ஆட்டோவின் முன் கண்ணாடியில் 'அம்மா' என்று எழுதியிருக்கிறது. எந்த அம்மா என்று கேட்டால் சிரிப்பான்.

சம்பவம் நடந்தது ஏப்ரல் மாதம். வட்டகொடையில் சொந்தக்காரப் பிள்ளைக்குச் சடங்கு. சாப்பிட்டுவிட்டு மத்தியானத்துக்கு மேல் மாயாண்டி உட்பட எல்லாரும் கோகுலராஜின் ஆட்டோவில் திரும்பினார்கள். ஆட்டோவில் மூன்று பேர் ஏறலாம் என்பது சட்டம். நம் பக்கத்தில் மூன்று பேர் ஏறினால் அதற்குப் பெயர் காலி ஆட்டோ. அன்றைக்கு உள்ளே ஆறு பேர், மடியில் ஒரு பலகாரப் பெட்டி வேறு. ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த நாகலெட்சுமி, கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஜெயலெட்சுமியோடு சடங்கு வீட்டுச் சாம்பாரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். தூறலும் பனிமூட்டமும். ஒரு வளைவில் எதிரே பஸ் வர, கோகுலராஜ் நிறுத்தினான். பின்னால் வந்த கார் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு வந்து டமாரென்று மோதியது.

நாகலெட்சுமியின் திரும்பியிருந்த தலை பின்னே போய் முன்னே வந்து, கம்பியில் இடித்தது. முழங்கையில் தோல் வழண்டு இரத்தம் வந்தது. மற்றவர்களுக்கு வீக்கம், சிராய்ப்பு, அவ்வளவுதான். பலகாரப் பெட்டிக்குத்தான் பலத்த சேதம்.

கார்க்காரர் குடும்பத்தோடு கொழும்பிலிருந்து நுவரெலியா சீசன் பார்க்க வந்தவர். நல்ல மனுசன், ஓடிவிடவில்லை. இறங்கி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகலாம், பொலிஸுக்குச் சொல்லலாம் என்றார். பொலிஸ் என்றதும் நாகலெட்சுமி கோகுலராஜின் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. தை மாதத்தில்தான் ஆள் கூட்டி ஏற்றியதற்காக அவனைக் கோர்ட்டில் நிறுத்தி, இன்னொரு தரம் பிடிபட்டால் லைசென்ஸைப் பறித்துவிடுவோம் என்று எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். இந்த முறை ஆறு பேர்.

"மொகுத் நே மாத்தயா, யன்ட" என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒன்றுமில்லை, போங்கள் என்று சொல்லிவிட்டாள். அவர் மனசில்லாமல் ஒரு பில்லின் பின்பக்கம் தன் போன் நம்பரை எழுதி மாயாண்டியிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாயாண்டி அதை வீட்டுக் கலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தான்.

மறுநாள் விடிந்ததும் கழுத்து விறைத்துக்கொண்டது. முழங்கைக் காயமும் சீழ் பிடிக்கும் போலிருந்தது. பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே வாகன விபத்து என்று ஒரு வார்த்தை வாயில் வந்தால் போதும், உடனே பொலிஸ் பதிவு கேட்பார்கள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார்.

"மலையில வழுக்கி விழுந்துட்டேங்க."

மழை நாளில் தேயிலை மலையில் வழுக்கி விழாத ஆள் யார்? டாக்டர் நம்பினார். காயத்தைக் கழுவிக் கட்டி, மாத்திரை எழுதிக் கொடுத்தார். கழுத்து வலியைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. வழுக்கி விழுந்தவளுக்குக் கழுத்து ஏன் வலிக்கிறது என்று கேட்டுவிட்டால்? பொய் சொல்லிப் பழகாதவர்களுக்கு இதுதான் கஷ்டம். எதைச் சொன்னால் மாட்டுவோம் என்று தெரியாமல், உண்மையாக வலிக்கிற இடத்தையும் சேர்த்து மறைத்துவிடுகிறார்கள்.

வாசலில் கோகுலராஜ் காத்திருந்தான். "என்னா சின்னம்மா சொன்னீங்க?"

"வழுக்கி விழுந்துட்டேன்னு."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடைக்குக் கூட்டிப்போய்ப் பணிஸும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தான். அவளுக்குப் பசியே இல்லை. ஆனாலும் அவன் முகம் தெளிந்ததைப் பார்த்து முழுதையும் சாப்பிட்டாள்.

நாலாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள். இப்போதெல்லாம் பிரம்புக் கூடை போய் நைலான் பை வந்துவிட்டது என்றாலும் சுமக்கிற முறை அதேதான். பையின் கயிறு உச்சந்தலையில் தங்கும், பை முதுகில் தொங்கும். நனைந்த கொழுந்தென்றால் சும்மா பதினைந்து கிலோ இருக்கும். அத்தனை பாரத்தையும் கழுத்துத்தான் தாங்க வேண்டும். முன்பெல்லாம் பாரம் இருப்பதே தெரியாது. இப்போது ஒவ்வொரு கிலோவும் தெரிந்தது. தோள்பட்டை வழியாகப் பெருவிரல் வரைக்கும் சுரீர் சுரீர் என்று ஏதோ ஓடியது. ஜெயலெட்சுமி சாயங்காலங்களில் வந்து எண்ணெய் போட்டு நீவிவிட்டாள். லயத்து வரிசை வீடுகளில் யாருக்குச் சுளுக்கென்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மே மாதம் மழை கொட்டத் தொடங்கியது. விரல்கள் மரத்துப்போயின. இந்த இடத்தில்தான் அவள் ஏமாந்தாள். மழைக்காலத்தில் விறைத்த இலையைத் தொட்டுத் தொட்டு விரல் மரத்துப்போவது இந்த மலையில் ஒரு செய்தியா? எல்லாப் பெண்களுக்கும் மரக்கும். வீட்டுக்கு வந்து அடுப்பில் காட்டுவார்கள், சரியாகிவிடும். இவளும் காட்டினாள். சரியாகவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டினாள். காலையில் பார்த்தால் சுட்டுவிரலில் கொப்புளம். சுட்டது எப்போது என்றே அவளுக்குத் தெரியவில்லை. இந்த வருசம் குளிர் கூடத்தான் என்று நினைத்துக்கொண்டு துணியைச் சுற்றிக்கொண்டு போனாள்.

கோப்பை கைநழுவி விழுந்தது. சட்டைக்கு ஊக்குக் குத்த முடியவில்லை. "ரைஸ் குக்கர் ஜெயிச்ச கைக்கு ஒரு ஊக்குக் குத்த முடியலியே" என்று மாயாண்டி கேலி செய்தான். அவளும் சிரித்தாள்.

ஜூன் முதல் கிழமை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வரிசையாக நின்றார்கள். இவள் முறை வந்ததும் கணேசமூர்த்தி வழக்கம்போலப் பார்க்காமலே தராசுக் கொக்கியில் மாட்டப்போனார். என்ன நினைத்தாரோ, பைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். மறுபடி அள்ளினார். நிமிர்ந்து மற்றப் பெண்களைப் பார்த்தார்.

"யாரும்மா நாகுவோட பைய மாத்தி எடுத்தது?"

"என் பைதாங்க" என்றாள் நாகலெட்சுமி.

அவர் கையிலிருந்ததை அவளுக்குக் காட்டினார். பாதிக்குப் பாதி முற்றல். தடித்த இலையும் காம்புமாக, நேற்று வேலைக்கு வந்த பிள்ளைகூட இப்படிப் பறிக்காது. கணேசமூர்த்தி திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் குரலைத் தாழ்த்தி, "என்னாம்மா நாகு, ஒடம்புக்கு முடியலியா?" என்று கேட்டார். அதுதான் அவளை என்னவோ செய்தது.

ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு இளங்கொழுந்தையும் ஒரு முற்றல் இலையையும் எடுத்துக்கொண்டு கண்ணை மூடினாள். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் உருட்டிப் பார்த்தாள். இரண்டும் ஒன்று போலவே இருந்தன. இடம் மாற்றிப் பார்த்தாள். அப்போதும் ஒன்று போலத்தான் இருந்தன. இது குளிரில்லை என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இந்தக் கை போய்விட்டால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது? படித்தவளா, வேறு தொழில் தெரிந்தவளா? மற்ற எதற்கும் கை கட்டி நின்றவள், இந்த ஒரு விசயத்தில்தான் தலை நிமிர்ந்து நின்றாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"ஞாயித்துக்கெழம வெச்சுக்குவோம்க்கா" என்றாள் ஜெயலெட்சுமி, பக்கத்தில் வந்து உட்கார்ந்து. "எல்லாம் கழுத்துல விழுந்த சுளுக்குத்தான். தலையப் புடிச்சு ஒரு திருப்புத் திருப்புனா நட்டுன்னு சத்தம் கேக்கும், அதோட சரி." நாகலெட்சுமி தலையாட்டினாள். அதற்கே கழுத்து வலித்தது.

நல்லவேளை, மாயாண்டிக்கு அது பிடிக்கவில்லை. கேலியெல்லாம் அன்றோடு நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமையே அவளைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கிருந்த மருந்துக்கார ஐயா அவளுடைய இரண்டு கையாலும் தன் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வலது கையில் பிடியே இல்லை.

"கழுத்துல அடி கிடி பட்டுச்சா?"

"மலையில வழுக்கி விழுந்தேங்க."

அவளைப் பிடித்து உலுக்கலாம் போல வருகிறது. கழுத்து இருக்கிற இருப்பில் அதுவும் முடியாது. ஐயா நம்பினாரோ இல்லையோ, கழுத்தில் யாரையும் கைவைக்க விடாதீர்கள் என்று சொல்லி, நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை கோகுலராஜ் ஆட்டோவில் கூட்டிப்போனான். மாயாண்டிக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அவன் சிங்களம் சந்தையில் கரட் வாங்கத்தான் உதவும். கோகுலராஜுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பின் சீட்டில் அவள் ஒருத்தி மட்டும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் வண்டியை ஊர விட்டான்.

"என்னடா, கல்யாண ஊர்கோலமா போற?" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. பை விசயத்தை மாயாண்டி சொல்லியிருந்தான். கொஞ்ச தூரம் போனதும், "சின்னம்மா, இது அன்னைக்கிப் பட்ட அடிதானே?" என்றான்.

"ரோட்டப் பாத்து ஓட்டு. மலையில வழுக்கி விழுந்தேன். யார் கேட்டாலும் அதத்தான் நீயும் சொல்லணும், ஆமா."

கிளினிக்கில் டாக்டர் பிரியந்தி இருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆள் அமைதி, அவசரமில்லை. தமிழ் ஒன்றிரண்டு வார்த்தைதான் வந்தது. கோகுலராஜ் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிச் சொன்னான். டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு விரல் விரலாகப் பஞ்சால் தொட்டார், ஊசியால் லேசாகக் குத்தினார். எந்த விரல் என்று கேட்டார். பாதிக்கு மேல் அவளுக்குத் தெரியவில்லை. முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் அளவுக்கு மேல் வெடுக்கென்று துள்ளியது. டாக்டரின் முகம் மாறியது.

"கொஹொமத வுனே, அம்மே?"

எப்படி நடந்தது? இந்தக் கேள்விக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "வழுக்கி விழுந்தேங்க" என்றாள். கோகுலராஜ் வாய்க்குள்ளேயே அதைச் சிங்களத்தில் சொன்னான்.

முன்பக்கமாக விழுந்தீர்களா, பின்பக்கமாகவா? முன்பக்கம் என்றாள். முழங்கையில் தழும்பு பின்பக்கம் இருக்கிறதே? அப்படியென்றால் பின்பக்கம்தான் என்றாள். எவ்வளவு உயரத்திலிருந்து? ஒரு வடிகால் கான் ஆழம் இருக்கும். பையோடா, பை இல்லாமலா? பையோடு. இல்லை, பை இல்லாமல். அவளுக்கு வியர்த்தது. அத்தனை வருடமாகப் பொய்யை ஒதுக்கி வைத்தவளுக்கு அது ஒத்தாசை செய்யவில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கோகுலராஜை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவனிடமே நேராக ஒன்றைக் கேட்டார். அவன் முகம் சுருங்கிப்போனது.

"என்னடா கேக்குறாங்க?"

"வழுக்கி விழுந்தவங்களுக்கு இப்புடி வராதாம்... வீட்டுல யாரும் ஒங்கள அடிக்கிறாங்களான்னு கேக்குறாங்க. நான் வெளிய போகணுமாம், தமிழ் தெரிஞ்ச நர்ஸ் மிஸ்ஸ வெச்சு ஒங்ககிட்டத் தனியா பேசணுமாம்."

"ஐயையோ! அடிக்கிறதா?" நாகலெட்சுமி எழுந்தேவிட்டாள். "எங்க வீட்டுக்காரரு கோழி அறுக்கவே ஆள் தேடுற மனுசன்! இவன் என் புள்ளைங்க! நான் தூக்கி வளத்த புள்ள! நல்லா இருக்கே கத! இவனப் பாத்தா... சொல்லுடா, சொல்லேன்டா அவங்ககிட்ட!"

சொல்லு என்று அவள்தான் சொன்னாள். அதை அவன் எப்படி எடுத்துக்கொண்டானோ தெரியாது. டாக்டர் பக்கம் திரும்பி, "வெட்டுனே நே மிஸ். எக்ஸிடன்ட் எகக்" என்றான்.

விழவில்லை, விபத்து. இதற்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "டேய்!" என்றாள். அவன் நிறுத்தவில்லை. ஆட்டோ, ஆறு பேர், பனிமூட்டம், பின்னால் மோதிய கார், திருப்பியபடி இருந்த தலை, கம்பி, ஒன்றையும் விடவில்லை. ஆட்டோ ஓட்டினது நான்தான் என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சொன்னான்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் எழுந்து வந்து அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தமிழில், "அசைய வேணாம்" என்றார். நர்ஸ் ஓடிப்போய்க் கெட்டியான ஒரு பட்டையைக் கொண்டுவந்தாள். தாடை முதல் தோள் வரை கழுத்தைச் சுற்றிப் பூட்டிவிட்டார்கள். தள்ளுவண்டியில் மல்லாக்கப் படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். கழுத்தெலும்பு ஒன்று அடுத்ததன்மேல் நழுவி, உள்ளே ஓடும் நரம்பை நெருக்கிக்கொண்டிருந்தது.

என்ன வேலை செய்கிறார் என்று டாக்டர் கேட்டார். கொழுந்து பறிப்பது என்றான். எப்படிச் சுமப்பார்கள்? கோகுலராஜ் கழுத்திலிருந்த மப்ளரை அவிழ்த்து, உச்சந்தலையில் கயிறு மாதிரிப் போட்டு, இரண்டு நுனியையும் முதுகுப் பக்கம் இழுத்துப் பிடித்துக் குனிந்து காட்டினான். பதினைந்து கிலோ மிஸ், நாளைக்கு மூன்று தரம். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இந்தக் கழுத்தை வைத்துக்கொண்டா, இரண்டு மாதமா? சுளுக்கு எடுக்கும் ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தையும் அவன் சொல்லிவிட்டான். அப்படி ஒரு திருப்புத் திருப்பியிருந்தால் கழுத்துக்குக் கீழே ஒன்றும் வேலை செய்யாமல் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதை, அவன் தமிழில் சொல்ல முடியாமல் மென்று விழுங்கிச் சொன்னான்.

கோபம் வந்தாலும் டாக்டர் கத்தவில்லை. "முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே இந்தப் படத்தை எடுத்திருப்பார்கள்" என்றார். உடனே கண்டிக்கு அனுப்ப வேண்டும், ஒப்பரேசன் செய்தாக வேண்டும். விரல்களுக்கு உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது. இது விபத்து என்றபடியால் பொலிஸிலும் பதிய வேண்டும்.

"நான் போய்ச் சொல்லிட்டு வாறேன்" என்றான் கோகுலராஜ்.

"டேய் கோகுல்! போகாதடா!"

அவளால் தலையைத் திருப்ப முடியவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மேற்கூரையும் அதிலிருந்த ஒரு மின்விசிறியும்தான். அவனுடைய செருப்புச் சத்தம் நடைபாதையில் தூரமாகப் போய், ஆஸ்பத்திரிப் பொலிஸ் இருக்கும் பக்கம் திரும்புவது காதில் கேட்டது. இந்தச் சத்தத்தைக் கேட்கவா இத்தனை நாள் வலியைப் பொறுத்தேன் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது. அதைத் துடைக்கவும் கை சரியாகப் போகவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து வந்து தலைமாட்டில் நின்றான்.

"லைசென்ஸ் போயிருமேடா."

"போகட்டும்."

"அதுக்காகத்தானேடா நான்..."

"தெரியும் சின்னம்மா. தெரிஞ்சுதான் பணிஸ் வாங்கிக் குடுத்துட்டு வாய மூடிக்கிட்டிருந்தேன்." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அம்மா வந்து, என் தங்கச்சி கைக்கு என்னாச்சுன்னு கேட்டா நான் என்னா சொல்றது? வழுக்கி விழுந்துட்டாங்கன்னா?"

தட்டுத் தடவி அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அம்புலன்ஸ் வரும் வரைக்கும் விடவில்லை.

கண்டி பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேசன் நடந்தது. இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் வெட்டி எடுத்துக் கழுத்தில் வைத்து, தகடு போட்டு முடுக்கினார்கள். மகள் சுதர்ஷினி வந்து துணைக்கு இருந்தாள். கலண்டருக்குப் பின்னாலிருந்த நம்பரை மாயாண்டி எடுத்துக் கொடுக்க, கார்க்காரரும் பொலிஸுக்கு வந்து நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுசன் இவ்வளவு நாளும் போன் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். கோகுலராஜின் லைசென்ஸை ஆறு மாதத்துக்கு நிறுத்திவைத்தார்கள். ஆட்டோவுக்குப் படங்கைப் போர்த்திவிட்டு அவன் தலவாக்கலையில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மூட்டை இறக்கப் போனான். ஜெயலெட்சுமி போனில் ஒரு பாட்டம் அழுதாள். "நல்லவேள நான் திருப்பலக்கா" என்றாள். சுளுக்கு வியாபாரத்தைக் காலோடு நிறுத்திக்கொண்டு, கழுத்தென்றால் இப்போது அவளே ஆஸ்பத்திரிக்கு விரட்டுகிறாளாம்.

ஒப்பரேசன் முடிந்து பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் நோயாளரைப் பார்க்க விடும் நேரத்தில் கோகுலராஜ் வந்தான். காலை பஸ்ஸில் வந்து இறங்கியவன், சாப்பாட்டுப் பார்சலோடு சட்டைப் பையிலிருந்து ஒரு பொலித்தீன் உறையையும் எடுத்தான். உள்ளே ஈரத்துணியில் சுற்றிய தேயிலை. இளசும் முற்றலும் கலந்து ஒரு பிடி.

"நம்ம மலையில விடியக்காலம் பறிச்சது. ஜெயலெட்சுமியக்கா குடுத்துவிட்டாங்க."

நாகலெட்சுமிக்கு அந்த மணம் மூக்கில் ஏறியதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கழுத்துப் பட்டையோடு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு வலது கையை நீட்டினாள். அவன் ஒரு இலையை எடுத்துப் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வைத்தான். அவள் மெதுவாக உருட்டினாள்.

"இது கொழுந்து."

சரிதான். அடுத்ததை வைத்தான்.

"முத்தல். கங்காணி பாத்தா தூக்கி எறிவாரு."

அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பக்கத்துக் கட்டில் பெண்கூட எட்டிப் பார்த்தாள். மூன்றாவது இலையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்தான். நாகலெட்சுமி உருட்டினாள். திருப்பி உருட்டினாள். கண்ணைத் திறக்காமலே அவளுக்கு அவன் முகம் தெரிந்தது. ஆறு மாதம் வண்டியை மூடிவைத்துவிட்டு மூட்டை தூக்குகிற பிள்ளை, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கொழுந்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருப்பதே இரண்டு வகை, பாதிக்குப் பாதி சரியாகவும் இருக்கலாம். அவன் சந்தோசமாக பஸ் ஏறிப் போவான்.

கண்ணைத் திறந்தாள்.

"தெரியலடா. இந்த வெரலுக்கு இன்னும் தெரியல."

அவன் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. ஆனால் முகம் வாடவில்லை. இலையை அவள் கையிலேயே விட்டுவிட்டு எழுந்தான். வார்டின் கோடியில் சின்ன டாக்டர் ஒருவர் ஏதோ எழுதிக்கொண்டு நின்றார். கோகுலராஜ் அவரிடம் போய், எந்த விரலுக்குத் தெரிகிறது, எந்த விரலுக்குத் தெரியவில்லை என்று அவள் சொன்னதை அப்படியே சிங்களத்தில் சொன்னான்.